கணினி நலப் பிரிவின் கவனத்துக்கு

காற்புள்ளியின் கணினி கண் திறக்கப் பத்தொன்பது நிமிடம் ஆகும். காலை ஏழரைக்குப் பொத்தானை அமுக்கிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போவார். மனைவியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் புரட்டி, முதுகை ஈரத்துணியால் துடைத்து, தலையணையை முட்டுக் கொடுத்து, இருவருக்கும் தேநீர் போட்டு, குடித்த கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால், திரையில் அந்தச் சின்ன வட்டம் செக்குமாடு மாதிரி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

காற்புள்ளி என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். ஒழுங்குமுறை வெளியீட்டு வாரியத்தில் அவர் மெய்ப்புத் திருத்துபவர். மற்ற அலுவலகங்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கான விதிகளை அச்சடித்துக் கொடுப்பது வாரியத்தின் வேலை. எந்தப் படிவத்தை எத்தனை படி எடுப்பது, எந்தக் கோப்பை எந்த நிற நாடாவால் கட்டுவது, நாடா தீர்ந்துபோனால் யாருக்கு எழுதுவது எல்லாம் அங்கேதான் அச்சாகும். ஒருமுறை இயக்குநரே காத்திருக்கும்போது, ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்காக முந்நூறு பக்கப் புத்தகத்தை அச்சு வாசலில் நிறுத்திவைத்தார் அவர். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஐந்து மாதத்துக்கு முன் அவர் மனைவி, தான் வேலை பார்த்த தையல் தொழிற்சாலையின் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். நானூறு தையல் மெஷின்களுக்கு வைத்தியம் பார்த்த மெக்கானிக் அவள். இப்போது முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் கட்டுப் போட்டுப் படுக்கையில் கிடந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், தவறினால் படுக்கைப்புண் வரும், வந்தால் ஆறாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரியத்தின் தலைமையகமோ நாலு மணி நேரப் பயணத்தில் இருந்தது. பதினேழு படிவம் நிரப்பி, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தார். வாரியமே ஒரு கணினியைக் கட்டி அனுப்பியது. மற்றவர்கள் ஏழு வருடம் பயன்படுத்தி முடித்த கணினி அது.

திங்கட்கிழமை காலை வட்டம் சுற்றி ஓய்ந்ததும் ஒரு சுற்றறிக்கை வந்து நின்றது. வீட்டிலிருந்து பணிபுரிவோரின் பக்கங்கள் தாமதமாக வருவது வாரியத்தின் கவனத்துக்கு வந்திருப்பதாகவும், எனவே அனைவரும் 'மெதுவான கணினியை வேகப்படுத்த எளிய வழிகள்' என்ற ஆறு பாடப் பயிற்சியைத் தத்தம் கணினியிலேயே பார்த்து, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் தேர்வெழுதி வேகச் சான்றிதழ் பெற வேண்டும் என்றும், தவறுவோரின் வீட்டுப்பணி அனுமதி ரத்தாகும் என்றும் அதில் கண்டிருந்தது. கீழே கையெழுத்து, கணினி நலப் பிரிவின் நல அலுவலர்.

முதல் பாடம், இயக்குநரின் வாழ்த்துரை. இயக்குநர் திரையில் வந்து கைகூப்பி, "வேகம் என்பது..." என்று தொடங்கி வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். உள் வாயெல்லாம் தெரிந்தது. பத்து நிமிடம் படம் அசையாமல் நின்றால் ஊழியர் தூங்கிவிட்டதாகக் கருதி, பயிற்சி தானாக முதலிலிருந்து தொடங்கும் ஏற்பாடு. அன்று மதியத்துக்குள் இயக்குநர் அவருக்குப் பதினோரு முறை கைகூப்பினார். வேகம் என்பது என்ன என்று ஒருமுறையும் சொல்லவில்லை.

நலப் பிரிவுக்குப் போன் செய்தார். ஐம்பது நிமிடம் காத்திருந்த பிறகு எடுத்த பெண், அணைத்துப் போட்டீர்களா என்று கேட்டாள். போட்டேன் என்றார். தன் முன்னிலையில் போட வேண்டும் என்றாள். பத்தொன்பது நிமிடம் இருவரும் போனைக் காதில் வைத்தபடி ஒன்றும் பேசாமல் காத்திருந்தார்கள். கணினி மெதுவாக இருக்கிறது என்பது வெறும் அபிப்பிராயம், அதை அளந்தால்தான் புகார் ஆகும் என்று சொல்லி, அங்கிருந்தபடியே 'வேகமானி' என்ற நிரலை அவர் கணினியில் ஏற்றினாள். மறுநாள் கணினி திறக்க இருபத்தேழு நிமிடம் ஆயிற்று. வேகமானியின் அறிக்கையோ எல்லாம் திருப்தி என்றது. அது தன்னுடைய வேகத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தது.

செவ்வாயன்று மறுபடி போன். வேகமானி சரியாக அளக்கிறதா என்று பார்க்க 'மேற்பார்வை' என்ற நிரல் வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் தகராறு வராமலிருக்க 'சமரசம்' என்று இன்னொன்று. புதன்கிழமை 'மனநிறைவுக் கணிப்பு' வந்தது. அது கால் மணிக்கு ஒரு தடவை திரையை மறைத்துக்கொண்டு, உங்கள் கணினியின் வேகம் உங்களுக்கு மகிழ்ச்சி அளிக்கிறதா என்று கேட்கும். பதில் இரண்டுதான். ஆம். மிகவும்.

அன்று கணினி திறக்க நாற்பத்தொரு நிமிடம். இயக்குநர் மூன்றாவது நிமிடம் வரை வந்துவிட்டார். இந்தத் தடவை எப்படியும் தாண்டிவிடுவார் என்ற நம்பிக்கையில் காற்புள்ளி நாற்காலியை விட்டு எழவில்லை. அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தும், "இதோ, ஒரு நிமிஷம்" என்றார். இயக்குநர் வாயைத் திறந்து நின்ற பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தார். புரட்டிப் போட வேண்டிய நேரம் தாண்டி முக்கால் மணி ஆகியிருந்தது.

அவள் இடுப்போரம் ஒரு காசளவுக்குத் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள். அழுத்தினார். வெளுக்கச் சற்று நேரம் பிடித்தது. அவர் மறுபடி மறுபடி அழுத்திப் பார்ப்பதை அவள் உணர்ந்தாள்.

"என்னதாங்க பண்றாங்க அவங்க?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னார். அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நோயாளிக்கு மூச்சுத் திணறுதான்னு பாக்க, ஆளுக்கு ஆள் வந்து நெஞ்சு மேல உக்காந்தா எப்படிங்க மூச்சு வரும்? நாளைக்கு அதைத் தூக்கி இங்க கொண்டு வாங்க."

கணினிப் பெட்டியின் முதுகில் ஒரு முத்திரைச் சீட்டு ஒட்டியிருந்தது. 'இது கணினி நலப் பிரிவின் கண். இதைப் பிரிப்பவர் பணியிலிருந்தும் பிரிக்கப்படுவார்.' வியாழன் காலை பெட்டியைக் கட்டிலோரத்து மேசையில் வைத்துவிட்டு, காற்புள்ளி அந்த வாசகத்தை நாலைந்து தரம் படித்தார். பிழை இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் அச்சிட்ட விதி ஒன்றையும் மீறியவர் அல்ல. மனைவி கை நீட்டி, தன் பழைய கருவிப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் கொடுத்தாள். நாளைப் பன்னிரண்டு மணிக்குச் சான்றிதழ் இல்லையென்றால் எப்படியும் போகத்தானே போகிறது என்றாள். அவர் சிவந்த தோலை நினைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு சீட்டைக் கிழித்தார்.

"முதல்ல கரண்ட்டைப் பிடுங்குங்க. பிடுங்கியாச்சா? இப்போ காத்தாடி தெரியுதா? அதை விரலால பிடிச்சுக்கங்க, சுத்த விடாதீங்க. பிரஷ்ஷால மெதுவா தட்டுங்க."

காற்றாடியைக் காணவே முடியவில்லை. அதன் மேல் ஏழு வருடத்துத் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. உரிக்க உரிக்க ஒரு பூனைக்குட்டி அளவுக்கு வந்தது. சூடு வெளியே போக வழியில்லாவிட்டால் எந்த மெஷினும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதன் மேல் தப்பில்லை என்றாள் அவள். மூடி, திருகி, கம்பியைச் செருகினார்கள்.

அடுத்தது, கணினி திறக்கும்போதே கூடவே எழுந்துகொள்ளும் நிரல்களின் பட்டியல். முப்பத்தொரு பெயர்கள். அதைப் பார்த்ததும்தான் காற்புள்ளிக்கு உயிர் வந்தது. வேண்டாத சொல்லை அடிப்பது அவர் தொழில் அல்லவா? வேகமானியை அடித்தார். மேற்பார்வையை அடித்தார். சமரசம், மனநிறைவு, ஊழியர் நாற்காலியில் இருக்கிறாரா என்று பார்ப்பது, அப்படிப் பார்ப்பது ஒழுங்காகப் பார்க்கிறதா என்று பார்ப்பது, எல்லாவற்றையும் வரிசையாக அடித்தார். வைரஸ் காவலையும் எழுத்துருவையும் மட்டும் விட்டுவைத்தார். வட்டு நிரம்பி வழிந்தது. முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன தற்காலிகக் கோப்புகளைக் காலி செய்தார். பழைய மெய்ப்புகளைத் தனி வட்டுக்கு மாற்றினார். பிறகு அணைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டு எண்ணினாள். ஐம்பத்திரண்டு என்றபோது திரை வந்து நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ திருடிவிட்டவர்கள் மாதிரி இருந்தது.

காற்புள்ளி கணினியைத் தன் அறைக்கே கொண்டுபோய் வைத்துப் பாடத்தைத் திறந்தார். இயக்குநர் முதன்முறையாக வாயை மூடினார். வேகம் என்பது பொறுமையின் மறுபெயர் என்றுதான் அத்தனை நாளாகச் சொல்ல வந்திருக்கிறார். அன்று மாலைக்குள் ஆறு பாடமும் முடிந்தன. ஆறாவது பாடத்தில், தூசியைத் துடைத்தல், வேண்டாத நிரல்களை நிறுத்துதல், வட்டைக் காலி செய்தல் ஆகிய மூன்றும் கணினியை வேகப்படுத்தும் என்றும், எனவே இம்மூன்றையும் ஊழியர் செய்யலாகாது என்றும் படம் போட்டு விளக்கினார்கள். வெள்ளி காலை தேர்வு. உங்கள் கணினி மெதுவாக இருந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்பது கடைசிக் கேள்வி. ஏழாம் படிவத்தை நிரப்புவேன் என்பதைத் தேர்ந்தெடுத்தார். நூற்றுக்கு நூறு. ஒன்பதே முக்காலுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. மனைவிக்குக் காட்ட, திரையையே கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

பதினொன்றரைக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது.

போனை எடுக்கவே ஐம்பது நிமிடம் ஆன பிரிவு, நாலு மணி நேரத் தொலைவை அன்று மூன்றரை மணியில் கடந்து வந்திருந்தது. காரணம், அவர் அடித்த இருபத்தொன்பது நிரல்களும் முந்தைய நாளிலிருந்து செய்தி அனுப்பவில்லை. பிரிவின் சுவர்த்திரையில் காற்புள்ளியின் வீடு இருந்த இடம் இருண்டுவிட்டது. விதிப்படி அது கணினியின் மரணம்.

நல அலுவலர் மெலிந்த, மரியாதையான மனிதர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். கட்டிலில் கிடந்தவளுக்கு வணக்கம் சொன்னார். கூட ஒரு முத்திரைக்காரர், கையில் சீட்டுக் கட்டும் பசைப் புட்டியுமாக. அலுவலர் கணினியை அணைக்கச் சொன்னார், போடச் சொன்னார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரை வந்ததும் அவர் முகம் வெளிறியது. இன்னொரு முறை போடச் சொன்னார். இந்தத் தடவை நாற்பத்தொன்பது வினாடி. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"முத்திரையை உடைச்சிருக்கீங்க," என்றார் மெல்ல.

"தூசி தட்டினேன் சார். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னு சொல்லாதீங்க சார். எங்க பிரிவுல அறுபத்திரண்டு பேர் இருக்கோம். எல்லாரும் கம்ப்யூட்டர் மெதுவா ஓடும்ங்கற நம்பிக்கையில வேலைக்கு வந்தவங்க. தூசி தட்டறதுக்கு நாங்க அஞ்சு வருஷத் திட்டம் போட்டிருக்கோம். இது மூணாவது வருஷம். தூசின்னா என்னங்கறதுக்கு இப்பதான் வரையறை தயாராகுது. நீங்க பாட்டுக்கு அரை மணி நேரத்துல தட்டிட்டு உக்காந்திருந்தா, நாங்க இத்தனை நாள் என்ன பண்ணினோம்னு யாராவது கேப்பாங்க. கேட்டா நான் என்ன சொல்றது?"

அவர் கேட்ட விதத்தில் உண்மையான துயரம் இருந்தது. காற்புள்ளிக்கே பாவமாகப் போயிற்று.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அப்போ, மெஷின் நல்லா ஓடறதுதான் தப்பாங்க?"

"நல்லா ஓடறது தப்பில்லம்மா. அனுமதியில்லாம நல்லா ஓடறதுதான் தப்பு. எங்க வீட்டுலயும்தான் ஒண்ணு இருக்கு. திறக்க முக்கால் மணி ஆகும். நான் ஒழுங்கா பொறுத்துக்கலையா?"

தேர்ச்சி செல்லாது என்றார். பாடத்தைப் பார்த்து முடிக்கும் அளவுக்கு வேகம் முறைகேடாகப் பெறப்பட்டிருக்கிறது. வேலையை விட்டு நீக்கும்படி எழுத மனம் வரவில்லை, இருபத்திரண்டு வருட சேவையை நினைத்துப் பார்க்கிறேன் என்றார். வீட்டுப்பணி அனுமதியை மட்டும் ரத்து செய்து இன்று ஐந்து மணிக்குள் ஆணை வரும், திங்களன்று தலைமையகத்தில் வந்து சேர்ந்துவிடுங்கள் என்று அன்போடு சொன்னார். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும் சார் என்று காற்புள்ளி சொல்ல ஆரம்பித்தார். அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது, தலைமையகம் வந்தால் தருகிறேன் என்றார் அலுவலர். முத்திரைக்காரர் புதுச் சீட்டை ஒட்டி, காயும் வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். ஜீப் போயிற்று.

மதியம் இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா காலையில் ஒரு முறை வருவார்கள், மாலையில் ஒரு முறை வருவார்கள், நடுவில் தானே எப்படியாவது கட்டில் கம்பியைப் பிடித்துத் திரும்பிக்கொள்வேன் என்றாள் மனைவி. பிடித்தும் காட்டினாள். தோள் இரண்டு விரற்கடை எழும்பியது, முகம் வேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். அவர் அவளைப் புரட்டிப் போட்டுவிட்டுத் தன் நாற்காலிக்கு வந்தார். கடிகாரம் மூன்றரை காட்டியது. நாலு காட்டியது.

நாலு இருபதுக்குத் திரையில் மணி அடித்தது. மெய்ப்புக்கு ஒரு பக்கம் வந்திருந்தது.

வாரியத்தின் எந்த ஆணையும் மெய்ப்புத் திருத்துபவர் ஒப்பாமல் அச்சுக்குப் போகாது. வாரியத்தின் திருத்துநர்கள் மொத்தமே ஐந்து பேர், ஐவரும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள். மற்ற நால்வரின் கணினிகளிலும் இயக்குநர் இன்னும் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். ஆகவே அவசரம் என்று சிவப்பில் குறித்த அந்த ஆணை, வாரியத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரே கணினியைத் தேடி வந்துவிட்டது. தன்னைப் பற்றிய ஆணைக்குத் தானே மெய்ப்புப் பார்க்கக் கூடாது என்று விதி இல்லை. இருந்திருந்தால் அதையும் அவர்தான் திருத்தியிருப்பார்.

பக்கத்தைத் திறந்தார். மேலே தன் பணி எண் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'மேற்படி ஊழியர் முத்திரையைச் சேதப்படுத்திய நிகழ்வு விசாரிக்கப்பட்டது. அதன் முடிவாக, இவர் வீட்டிலிருந்து நிரந்தரமாகப் பணிபுரிய தகுதியுற்றவர் என இதனால் ஆணையிடப்படுகிறது. உரிய தொடர் நடவடிக்கைகள் உடனே நடைமுறைக்கு வரும்.'

மறுபடி படித்தார். தகுதியற்றவர் என்று இருக்க வேண்டும். தகுதியுற்றவர் என்று இருந்தது. தகுதி இல்லாதவர் என்பது, தகுதி பெற்றவர் என்று ஆகியிருந்தது. 'ய'வின் அடியில் ஒரே ஒரு கொக்கி.

எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். தலைமையகத்துத் தட்டச்சரின் கணினியில் விசையை அழுத்தினால் எழுத்து வர மூன்று வினாடி ஆகும். வரவில்லையே என்று அந்த அம்மா அடுத்த விசையைத் தட்டுவார், அது எங்கேயாவது போய் ஒட்டிக்கொள்ளும். நாளொன்றுக்கு இப்படி நாற்பது, ஐம்பது திருத்துகிறவர் அவர். இருபத்திரண்டு வருடத்தில் கண்ணில் பட்ட பிழை ஒன்றையும் அவர் தப்ப விட்டதில்லை.

சுட்டியை அந்தக் கொக்கியின் மேல் கொண்டுபோய் வைத்தார். கை பழக்கத்தில் அடிக்கத் துடித்தது. நாலு நாற்பது. எழுந்து தண்ணீர் குடித்தார். வந்து உட்கார்ந்தார். சுட்டி அங்கேயே சிமிட்டிக்கொண்டிருந்தது. நாலு ஐம்பது. அடுத்த அறையில் கட்டில் கம்பி கிரீச்சென்றது. அவள் தானாகத் திரும்பிப் பார்க்கிறாள். மறுபடி ஒரு கிரீச். பிறகு அவள் மூச்சு வாங்கும் சத்தம்.

நாலு ஐம்பத்தெட்டுக்கு, 'மெய்ப்புப் பார்க்கப்பட்டது' என்ற பொத்தானை அமுக்கினார்.

திங்களன்று காலை பத்தரைக்கு நல அலுவலர் போன் செய்தார். அச்சான ஆணை தன் முன்னால் இருப்பதாகவும், அதை மூன்று முறை படித்துவிட்டதாகவும் சொன்னார். இயக்குநர் கையெழுத்து போட்டிருக்கிறார், எல்லாப் பிரிவுக்கும் படி போய்விட்டது. திருத்த ஆணை போட வேண்டுமானால், வாரியத்தின் ஆணையில் பிழை நேர்ந்தது என்று முதல் வரியில் எழுத வேண்டும். நாற்பது வருடத்தில் அப்படி ஒரு வரியை வாரியம் எழுதியதில்லை.

"ஆணையில இருக்கற வாசகம்... சரிதானே சார்?" என்று கேட்டார்.

"நான் பாத்துத்தான் அனுப்பினேன்," என்றார் காற்புள்ளி.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "வாரியத்துல பிழை வராது சார். அப்போ அன்னைக்கு உங்க வீட்டுல நான்தான் ஏதோ தப்பா முடிவு பண்ணியிருக்கேன். மன்னிச்சுக்கங்க. நிரந்தரம்னு வேற போட்டிருக்கு. வாழ்த்துக்கள்."

போனை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். விஷயத்தைச் சொன்னார். அவள் அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"அந்த ஆர்டரை நீங்கதானே பாத்தீங்க? அதுல பிழை ஒண்ணும் இல்லையா?"

"பணிபுரியங்கறதுக்கு அப்புறம் ஒரு ஒற்று விட்டிருந்துது. போட்டுட்டேன்," என்றபடி அவள் தோளுக்கடியில் கை கொடுத்தார். "இப்படித் திரும்பு."